பழைய உடைகள் நம்மேல் ஏன் மாறுவேடம்போல் தெரிகின்றன?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இரண்டு வருடமாகப் பழைய உடைகளைத் தேடித் தேடி வாங்குகிறீர்கள். நாற்பது உருப்படிக்கு மேல் சேர்ந்துவிட்டன. கொக்கியில் தொங்கும்போது ஒவ்வொன்றும் அழகு. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் மேடை ஏறப் போகிறவர்போல் இருக்கிறது. காலையில் அலமாரியைத் திறந்து பத்து நிமிடம் நின்றுவிட்டு, கடைசியில் அதே ஜீன்ஸ், அதே வெள்ளைச் சட்டை. ஆகவே எந்தப் பத்தாண்டின் உடைகள் உங்களுக்கு எடுப்பாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். போகிறபோக்கில், தோள் இரண்டும் காதைத் தொடும் ஒரு பச்சைக் கோட்டை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதைப் பத்தாண்டைப் பற்றிய கேள்வியாக நான் பார்க்கவில்லை. யாரோ ஒருவருடைய உடம்புக்கு வெட்டித் தைத்த துணியை உங்களுடையதாக ஆக்கிக்கொள்வது எப்படி என்பதே கேள்வி. அதற்கான பதிலில் பாதிகூடக் கடையில் கிடைக்காது. ஊசியிலும் தண்ணீரிலும், ஒரே உடையைத் திரும்பத் திரும்பப் போடுவதிலும்தான் மிச்சம் இருக்கிறது.

நான் இருபத்து மூன்று வருடமாகத் தையல் மேசையில் இருப்பவன். முதல் ஒன்பது வருடம் நாடகங்களுக்கு உடை தயாரிக்கும் பட்டறையில். அதன்பிறகு பழைய உடைகளைப் பிரித்துத் திருத்தித் தருவதே பிழைப்பு. துணி, தையல், அளவு ஆகியவை பற்றி நான் சொல்வதைத் தைரியமாக நம்பலாம். எது அழகு, எது அழகில்லை என்று சொல்லும் இடங்களில் அது என் ரசனை மட்டுமே; உங்கள் கண்ணாடிக்கு அதைவிட அதிக உரிமை உண்டு. காலணி, கைப்பை, நகை ஆகியவற்றின் பக்கம் போகமாட்டேன். தோல் வேலை வேறு கைகளின் தொழில்.

மாறுவேட விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். நாடகப் பட்டறையில் எங்களுக்கு வரும் உத்தரவு எப்போதும் ஒன்றுதான்: திரை விலகி ஐந்து நொடிக்குள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது எந்தக் காலம் என்று தெரிந்துவிட வேண்டும். அதற்காகத் தொப்பி, கையுறை, கழுத்துத் துணி, கூந்தல் அமைப்பு, உதட்டுச் சாயம், செருப்பு அத்தனையையும் ஒரே வருடத்திலிருந்து எடுப்போம். வேடம் அப்படித்தான் உண்டாகிறது. தெருவில் நடந்த நிஜ மனிதர்கள் எந்தக் காலத்திலும் அப்படி உடுத்தியதில்லை. 1955இல் ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்பினால், கோட் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வாங்கியதாக இருக்கும், பாவாடை அக்காவுடையதாக இருக்கும், செருப்பு மட்டும் சென்ற வாரம் வாங்கியதாக இருக்கும். நீங்கள் ஒரு கவுனை வாங்கியதும் அதற்கு ஏற்ற பெல்ட், அதற்கு ஏற்ற தொப்பி என்று அதே காலத்துக்குள்ளேயே தேடிப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பட்டறை வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பழைய உருப்படி உரக்கப் பேசட்டும். மற்றவை எல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். ஐம்பதுகளின் அகன்ற பாவாடைக்கு மேலே உங்கள் வழக்கமான பனியன் துணிச் சட்டை. நாற்பதுகளின் ஆண் கோட்டுக்குக் கீழே அதே ஜீன்ஸ். தலைமுடியைத் தொடவே வேண்டாம்; உடையைவிடக் கூந்தல்தான் காலத்தை வேகமாகக் காட்டிக்கொடுக்கும். தலை முதல் கால் வரை ஒரே பத்தாண்டில் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவர்கள் தினமும் காலையில் ஒரு மணி நேரம் அதற்காகச் செலவழிப்பவர்கள். பத்து நிமிடம் நின்றுவிட்டு ஜீன்சுக்குத் திரும்புகிறவர் அந்தச் சாதி இல்லை.

அந்த ஜீன்சையும் வெள்ளைச் சட்டையையும் நீங்கள் தோல்வியின் அடையாளமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவைதான் உங்கள் கேள்வியிலேயே பயனுள்ள தகவல். போட்டுப் போட்டு நைந்துபோன மூன்று உடைகளை எடுத்து வையுங்கள். பிடிக்கும் என்று நினைக்கிறவை வேண்டாம். காலர் தேய்ந்து, முழங்கை மெலிந்து, இருந்தும் எறிய மனம் வராதவை வேண்டும். அவற்றைப் பொத்தான் போட்டு மேசைமேல் தட்டையாக விரித்து, இஞ்சு டேப்பால் அளவெடுங்கள். ஓர் அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை. தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை. இடுப்பின் குறுக்கு. கழுத்துப் பின்புறத்திலிருந்து கீழ்மடிப்பு வரை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை. காற்சட்டையானால் கவட்டையிலிருந்து இடுப்புப் பட்டி வரை ஓர் அளவு. இதை யாரும் எடுப்பதில்லை, ஆனால் பழைய காற்சட்டை உட்காரும்போது குத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு சிறிய அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் உடையை உடம்பில் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே டேப்பை வைத்துப் பார்த்தால், பத்தில் ஏழு உருப்படி கொக்கிக்கே திரும்பிவிடும்.

காலரில் தைத்திருக்கும் அளவு எண்ணை நம்பவே கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் 1939-40இல் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்து பார்த்தார்கள். அந்த அளவுகளை அடிப்படையாக வைத்து, 1958இல் பெண்கள் உடைக்கு ஓர் அரசுத் தர அளவு வெளியானது. அதைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1983இல் அதையும் விலக்கிக்கொண்டார்கள். இடையில் உற்பத்தியாளர்கள் வாங்குபவரை மகிழ்விக்க எண்ணைச் சிறிதாக்கிக்கொண்டே போனார்கள். இன்று 8 போடுகிறவர் அறுபதுகளின் 8 எண் கவுனுக்குள் நுழையவே முடியாது. 12, 14 என்ற எண்ணைப் பார்த்து மனம் உடைந்து கவுனைத் திரும்ப வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எண் ஒரு பொய். சென்டிமீட்டர் மட்டும் பொய் சொல்லாது. ஆண்களின் கோட்டில் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எழுதுவார்கள், அது ஓரளவு நேர்மையானது. ஆனாலும் ஐம்பது வருடத்தில் கம்பளி எத்தனை முறை சுருங்கியது என்பது அந்தச் சீட்டுக்குத் தெரியாது.

இப்போது பத்தாண்டுக்கு வருகிறேன். பத்தாண்டின் பெயரைவிட அது உடம்பில் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். இருபதுகளின் கவுனில் இடுப்புக் கோடு இடுப்பில் இருக்காது, கீழே இறங்கியிருக்கும். 1947 பிப்ரவரியில் பாரிசில் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் டியோர் காட்டிய உடை வரிசைக்குப் பிறகு இடுப்பு ஒடுங்கிப் பாவாடை விரிந்தது. ஐம்பதுகள் முழுவதும் அந்தச் சாயல் நீண்டது. அறுபதுகளின் நடுவில் இடுப்பே காணாமல்போய், தோளிலிருந்து நேராக விழும் சிறிய கவுன் வந்தது. எழுபதுகளில் காலர் நீண்டது, காற்சட்டை கீழே விரிந்தது. எண்பதுகளில் தோள் வளர்ந்தது. உங்கள் நைந்த மூன்று உடைகளும் இடுப்பைப் பிடிக்காமல் தோளிலிருந்து விழுகிறவை என்றால், ஐம்பதுகளின் கவுன் எவ்வளவு அழகானாலும் அதை மாட்டிக்கொண்டு மாலை வரை இருக்கமாட்டீர்கள். அறுபதுகளின் பக்கம் பாருங்கள், அல்லது எந்தக் காலத்து ஆண் சட்டையானாலும் பாருங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: உடம்பு ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கோட்டை விட்டு விலகும் உடை, வாங்கிய மூன்றாவது மாதத்தில் அலமாரியின் பின்சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு காலத்து உடை இன்னொரு காலத்தின் நகலாகவும் இருக்கும். எழுபதுகளில் முப்பதுகளையும் நாற்பதுகளையும் திரும்பத் தைத்தார்கள். எண்பதுகளில் நாற்பதுகளின் தோளையும் ஐம்பதுகளின் இடுப்பையும் எடுத்துக்கொண்டார்கள். கடையில் ‘நாற்பதுகள்’ என்று சீட்டுக் குத்தித் தொங்கும் கவுன் என் மேசைக்கு வந்தால், பெரும்பாலும் அது எண்பதுகள்தான். போடுவதற்கு இதனால் எந்தக் குறையும் இல்லை, சொல்லப்போனால் துணி உறுதியாக இருக்கும். நாற்பதுகளுக்கு உரிய விலையைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை என்றாலும் இரண்டு வரி. உறுதியான சான்றுகள் எல்லாம் ‘இதற்கு முன்பு இருக்க முடியாது’ என்ற வகையைச் சேர்ந்தவை. நைலான் காலுறை விற்பனைக்கு வந்தது 1940இல். நீட்சி தரும் ஸ்பான்டெக்ஸ் இழை 1958இல்தான் உருவானது. அது கலந்த துணியை யாராவது நாற்பதுகள் என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அமெரிக்காவில் இழைகளின் விழுக்காட்டைச் சீட்டில் எழுதும் சட்டம் 1960இல் நடைமுறைக்கு வந்தது, துவைக்கும் முறையை எழுதும் விதி 1972இல். பிரிட்டனில் போர்க்காலச் சிக்கன உடைகளில் குத்திய ‘சிசி41’ முத்திரை 1941 முதல் 1952 வரை. மறுபுறத்தில், சீட்டு இல்லாததால் பழையது என்றும், உலோக ஜிப் இருப்பதால் பழையது என்றும் முடிவுகட்டுவது ஊகம்தான். கழுத்தில் உறுத்துகிறது என்று சீட்டை வெட்டி எறிகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. ஜிப்பை மாற்றித் தைத்ததற்கு நானே சாட்சி. உலோக ஜிப்பைக் கழற்றி நைலான் வைத்துக் கொடுத்த கவுன்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஐம்பது வருடம் கழித்து அதைப் பார்க்கிறவர் குழம்பிப்போவார்.

இனி கையில் எடுத்துப் பார்ப்பது. இதில் அவசரப்படாதீர்கள். கடை விளக்குக்குக் கீழே எல்லாத் துணியும் நன்றாகவே இருக்கும்; சன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்திப் பிடியுங்கள். அந்துப்பூச்சி அரித்த துளைகள் ஊசி குத்தியதுபோல் ஒளிரும். அந்து உண்பது கம்பளி, பட்டு, ரோமம் போன்ற விலங்கு இழையை. அரிப்பதும் பூச்சி இல்லை, அதன் புழு. அடுத்தது அக்குள். வியர்வை பட்டு இறுகிய பட்டுத் துணியை இரு விரலால் மெல்ல இழுத்தால், சத்தமில்லாமல் பிரியும். மஞ்சள் கறையைக்கூட ஒருவேளை போக்கலாம், மெலிந்த இழையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. காற்சட்டையில் கவட்டையும் உள்தொடையும் பாருங்கள். கவுனில் ஜிப்பின் அடிமுனை பாருங்கள், அவசரமாகக் கழற்றியவர்கள் எல்லோரும் கிழித்த இடம் அது. பிறகு முகர்ந்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், நான் பட்டறையில் தினமும் செய்கிறேன்.

சில பொருள்கள் தானாகவே சாகும், அவற்றை யாராலும் காப்பாற்ற முடியாது. அறுபதுகளில் துணிக்குப் பின்னால் மெல்லிய நுரைப் பஞ்சை ஒட்டிச் செய்த கோட்டுகள் வந்தன. அந்தப் பாலியூரித்தேன் நுரை இப்போது பிசுபிசுத்த தூளாக உதிரும், உள்துணிக்குள் கைவிட்டால் மணலைத் தொட்டதுபோல் இருக்கும். அதே பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல் சில வருடங்களில் தகடு தகடாக உரியும். எலாஸ்டிக் இறுகி நொறுங்கும், ஆனால் அதைப் புதிதாக மாற்றிவிடலாம், பயப்பட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சில பத்தாண்டுகள், பட்டுக்குக் கனம் கூட்ட வெள்ளீய உப்புகளில் ஊறவைத்தார்கள். அந்தப் பட்டு நீள நீளமாக வெடித்துக்கொண்டே போகும். ஒரு வெடிப்பைத் தைத்தால் ஊசி போன வழியே அடுத்தது தொடங்கும். கோட்டின் முன்பக்கத்தில், பொத்தானுக்குக் கீழே இரு விரலால் துணியைக் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியே நழுவினால், கான்வாஸ் என்ற விறைப்பான துணி வைத்துத் தைத்தது. நீண்ட நாள் உழைக்கும். நழுவாமல் ஒட்டியிருந்தால் பசை வைத்து ஒட்டியது. அது தவறில்லை, ஆனால் மார்பில் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கியிருந்தால் பசை விட்டுப்போயிற்று. இஸ்திரி போட்டுச் சரிசெய்யலாம் என்று கடைக்காரர் சொல்வார். சரியாகாது.

துவைப்பதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். பட்டறையில் சேர்ந்த முதல் வருடம், நாற்பதுகளின் கவுன் ஒன்று என்னிடம் வந்தது. மரக்கூழிலிருந்து செய்யும் ரேயான் இழையில் நெய்த, சொரசொரப்பான கிரேப் துணி. கருநீலம், தோளில் மணி வேலை. கழுத்தோரம் சிறு கறை. வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த ஓரத்தை மட்டும் நனைத்தேன். தண்ணீர் ஏறிய இடமெல்லாம், கண்ணெதிரே, நெருப்பில் விழுந்த இலைபோல் சுருண்டது. கழுத்து நாலு விரல் அளவு சுருங்கி, மணிகள் ஒன்றோடொன்று முட்டின. கிரேப்பின் நூல் மிகவும் முறுக்கேறியது. நனைந்ததும் அந்த முறுக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, ரேயான் ஈரத்தில் தன் வலிமையில் பாதியை இழந்துவிடும், இழுத்து நேராக்கப் போனால் கிழியும். அன்றிலிருந்து எந்தத் துணியானாலும் கீழ்மடிப்பின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, காயும் வரை காத்திருந்து, சுருக்கமும் சாயமும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

வெள்ளைப் பருத்தியும் லினனும் தைரியசாலிகள். மஞ்சளடித்த சட்டையைச் சோடியம் பெர்கார்பனேட் என்ற வெளுப்புத் தூள் கலந்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள், காலையில் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை. கம்பளிக்கும் பட்டுக்கும் இது ஆகாது. குளோரின் பிளீச்சோ அவற்றைக் கரைத்தே விடும். பட்டுபோல் மினுக்கும் செயற்கை இழையான அசிடேட்டில் செய்த பழைய உள்துணியில் நீலம் செம்மை கலந்து மாறியிருந்தால் அது அழுக்கில்லை, காற்றிலிருக்கும் புகை வாயுவால் சாயமே மாறிவிட்டது, தேய்த்துப் பயனில்லை. அசிடேட்டுக்குப் பக்கத்தில் நகச்சாய நீக்கியைக் கொண்டுபோகாதீர்கள், அதில் அசிட்டோன் இருந்தால் துணி கரைந்து துளை விழும்.

நாற்றத்துக்கு நாடகக்காரர்கள் வழி ஒன்று உண்டு. தினமும் துவைக்க முடியாத மேடை உடைகளின் உட்புறத்தில் மலிவான வோட்காவைத் தண்ணீர் கலந்து தெளித்துக் காற்றில் தொங்கவிடுவார்கள். ஆல்கஹால் ஆவியாகும்போது வியர்வை வாடையும் போகும். இதையும் முதலில் ஒரு மூலையில் சோதிக்க வேண்டும், சில சாயங்கள் ஆல்கஹாலில் ஓடும். அந்துருண்டை வாடை மட்டும் எதற்கும் மசியாது. வாரக்கணக்கில் நிழலில் காற்றாடவிடுவதைத் தவிர நான் வேறு நம்பகமான வழி கண்டதில்லை. அந்து இருக்கலாம் என்று சந்தேகப்பட்டால், கம்பளி உடையைக் காற்றுப் புகாத பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறையின் வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால்தான் துணியில் நீர் கோர்க்காது. புதிதாக வந்த எந்தக் கம்பளியையும் இதைச் செய்யாமல் அலமாரிக்குள் விடாதீர்கள். ஒரு ஸ்வெட்டரோடு வந்த விருந்தாளி மொத்த அலமாரியையும் தின்றுவிடும்.

திருத்தித் தைப்பதில்தான் பழைய உடை உங்களுடையதாகிறது, ஆகவே இதில் கொஞ்சம் நிற்கிறேன். நல்ல பழைய உடைகளைத் திருப்பிப் பார்த்தால், தையலுக்கு உள்ளே துணி தாராளமாக விட்டிருப்பார்கள். பின்னால் உடம்பு மாறும், மகளுக்கு ஆகும் என்று யோசித்துத் தைத்த காலம். ஆண் காற்சட்டையின் பின் நடுத்தையலில் பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பிரித்து அகலமாக்கலாம். பிடித்துத் தைப்பதானால் ஐந்து சென்டிமீட்டர் வரை. அதற்கு மேல் போனால் பின்பைகள் இரண்டும் நெருங்கி வந்து முறைக்கும். கீழ்மடிப்பை உயர்த்துவது, கையின் நீளம் குறைப்பது, பக்கவாட்டுத் தையலைப் பிடிப்பது எல்லாம் எந்தத் தையற்காரருக்கும் எளிது. கீழ்மடிப்பை இறக்கிவிடும்போது ஒரு தொல்லை: பழைய மடிப்பின் கோடு வெளுத்தோ தேய்ந்தோ தெரியும். அதன்மேல் ஒரு நாடாவை ஓட்டித் தைத்து, வேண்டுமென்றே செய்ததுபோல் காட்டுவது பழைய தந்திரம். எனக்கு அந்தக் கோட்டை அப்படியே விடுவதுதான் பிடிக்கும்.

தோளும் கோட்டின் நீளமும் வேறு கதை. தோள் பெரிதென்றால் கையைக் கழற்றி, தோளை வெட்டி, கைக்குழியைத் திருத்தி, மறுபடி கையேற்ற வேண்டும். புதிய கோட் தைக்கும் வேலையில் பாதி அது. கோட்டைக் கீழே குறைத்தால் பை எல்லாம் கீழ்மடிப்புக்கு அருகில் இறங்கியதுபோல் தோன்றும், ஏனென்றால் பையின் இடம் மாறாது. ஆகவே தோளிலும் நீளத்திலும் சரியாக இருப்பதை வாங்கி, இடுப்பிலும் கையிலும் திருத்துங்கள். இதை மட்டும் கடைப்பிடித்தால் உங்கள் நாற்பதில் பாதி வாங்கியே இருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நான் அவற்றைப் பார்க்கவில்லை, தவறாகவும் இருக்கலாம்.

பொத்தானை மாற்றுவது மிகச் சிறிய வேலை, பலன் பெரிது. எண்பதுகளின் கம்பளிக் கோட்டில் பொன்முலாம் பூசிய பிளாஸ்டிக் பொத்தான் ஆறு இருக்கும். அவற்றை எடுத்துவிட்டுக் கொம்புப் பொத்தான் வைத்தால் கோட்டின் வயதே தெரியாது. கழற்றியவற்றை ஒரு டப்பாவில் போட்டு, எந்தக் கோட்டினுடையது என்று எழுதி வையுங்கள். முத்துச்சிப்பிப் பொத்தானைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது; பழைய சட்டையில் சிப்பிப் பொத்தான் இருந்து துணி நைந்திருந்தால், நான் பொத்தானுக்காகவே வாங்குவேன்.

அடுத்து, சந்தேகமானவை. ஒருவருடைய தோல் நிறத்தைப் பருவங்களாகப் பிரித்து, இன்னின்ன வண்ணம்தான் பொருந்தும் என்று அட்டை கொடுக்கிறார்கள். சிலருக்கு அது தேர்வைச் சுருக்கித் தருவதால் உதவுகிறது. அதற்கு மேல் அதில் விதி எதுவும் இருப்பதாக நான் நம்பவில்லை. மேடை விளக்கின் கீழே ‘பொருந்தாத’ வண்ணத்தில் ஜொலித்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று. உடம்பைப் பழங்களின் பெயரால் வகைப்படுத்துவதும் எனக்கு அப்படியே. ஓர் அலமாரிக்கு முப்பத்து மூன்று உருப்படி போதும், ஐம்பது போதும் என்கிற எண்ணிக்கைகளும் யாரோ வசதிக்கு வைத்துக்கொண்டவை. ‘வின்டேஜ்’ என்றால் இருபது வருடத்துக்கு மேற்பட்டது என்பதுகூட வியாபார வழக்கம்தான். வண்ணத்தில் நான் கடைப்பிடிப்பது ஒன்றே: பழைய உடைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போட ஆசைப்பட்டால், இரண்டு அடங்கிய நிறங்களைத் தேர்ந்துகொண்டு மூன்று வருடம் அவற்றிலேயே வாங்குங்கள். கருநீலமும் பழுப்பும் என்று வைத்துக்கொண்டால், எந்தக் காலத்து உடையும் எந்தக் காலத்து உடையோடும் பேசும். ஏன் இது வேலை செய்கிறது என்பதற்கு என்னிடம் அறிவியல் இல்லை. பழைய உடை எப்போதும் ஒற்றை உருப்படி, அதற்கு இணை தேடி அலைய முடியாது, நிறமாவது இணையாக இருக்கட்டும் என்ற அனுபவக் கணக்கு மட்டுமே.

உங்கள் நாற்பதை என்ன செய்வது? தரையில் கொட்டிப் பிரித்து ஒரே நாளில் முடிவெடுக்கும் முறையை நான் சொல்லமாட்டேன். அந்த மனநிலையில் நல்லதையும் எறிந்துவிடுவோம். ஐந்தை மட்டும் எடுங்கள், உங்கள் அட்டையிலுள்ள அளவுகளுக்கு நெருக்கமான ஐந்து. மற்றவற்றைச் சுத்தம் செய்து பெட்டியில் வையுங்கள். கம்பளியை மடித்து வையுங்கள், கொக்கியில் தொங்கினால் பின்னல் ஸ்வெட்டர் தன் கனத்தாலேயே நீளும். அந்த ஐந்தையும் தையற்காரரிடம் கொடுத்துத் திருத்தி, ஒரு மாதம் அவற்றை உங்கள் ஜீன்சோடும் வெள்ளைச் சட்டையோடும் மாற்றி மாற்றிப் போடுங்கள். நான்காவது முறை போடும்போது கண்ணாடியில் உடை தெரியாமல் நீங்கள் தெரியத் தொடங்குவீர்கள். சிலருக்குப் பத்தாவது முறை ஆகும். புதிதாக எதையும் அந்த மாதம் வாங்கக் கூடாது. இதுதான் கடினம் என்று எனக்கும் தெரியும், என் வீட்டிலும் மூன்று பெட்டி இருக்கிறது.

பச்சைக் கோட்டுக்கு வருகிறேன். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் விழுகிறதா, அதைத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் தாண்டினால் விட்டுவிடுங்கள். அதற்குள் என்றால், குற்றவாளி தோளுக்குள் இருக்கும் பஞ்சுதான். கைக்குழியை ஒட்டி உள்துணியின் தையலை ஒரு சாண் அளவு பிரித்தால் பஞ்சு தெரியும். நாலைந்து தளர் தையலில் தொங்கும், கத்தரியின் நுனியால் வெட்டி எடுத்துவிடலாம். உடனே உள்துணியை மூடாமல் ஊக்குக் குத்தி ஒரு நாள் போட்டுப் பாருங்கள். எண்பதுகளின் கோட்டை அந்தப் பஞ்சின் உயரத்தைக் கணக்கிட்டே வெட்டியிருப்பார்கள், முழுவதும் எடுத்தால் கையின் மேற்பகுதி பள்ளம் விழுந்து தொங்கலாம். தொங்கினால், எடுத்த பஞ்சின் அடுக்குகளைப் பிரித்துப் பாதிக் கனத்தை மட்டும் திரும்ப வைத்துத் தையுங்கள். அகன்ற பக்கம் கைக்குழி பக்கமாக, விளிம்பு அரை விரல் அளவு கைக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மீதிப் பஞ்சைக் கோட்டின் உள்பையிலேயே போட்டு வையுங்கள். அடுத்து அந்தக் கோட்டைப் போடுகிறவருக்கு அது தேவைப்படலாம்.